கேளாத பிளேட்டைப் புகழ்ந்தவர்

ரங்கூனில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிவரும் ஜீவராசி ஒன்று உண்டு. அதற்குச் சிபாரிசுக்காரர் என்று பெயர் வைப்போம். கொசு கடித்தால் தெரியும். இவர் கடித்தால் தெரியாது.

பசுந்தாங் அரிசி ஆலைக் குமாஸ்தா ரெங்கசாமியைப் பாருங்கள். சாயங்காலம் டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் இடம்பிடித்து, சுருட்டைப் பற்றவைத்து, ஊர் வம்பு, நெல் விலை, கப்பலில் வந்த சேதி எல்லாம் ஓய்ந்த பிறகு, யாரும் கேட்காமலே ஒரு பெருமூச்சு விடுவார்.

"நேத்து கிராமபோன்ல ஒரு பிளேட்டு கேட்டேன்யா... இன்னும் காதை விட்டுப் போகலே."

அவ்வளவுதான். என்ன பிளேட்டு என்று நாலு பேர் கேட்பார்கள். "நமக்கெதுக்கய்யா அது? அந்தக் கடைக்காரன் எனக்கு மாமனா, மச்சானா?" என்று இரண்டு தடவை தட்டிக்கழித்துவிட்டு, மூன்றாம் தடவை கடையின் பெயர், தெரு, எதிர்வரிசையில் என்ன இருக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவார்.

மாமனுமில்லை, மச்சானுமில்லைதான். ஆனால் பபேடான் பேட்டையிலுள்ள அந்தக் கிராமபோன் கடைக்காரர், ரெங்கசாமி பேரைச் சொல்லி வருகிறவர்களிடம் ஒரு டஜன் பிளேட்டு விற்றால் அவருக்கு ஒரு பட்டு லுங்கி கொடுப்பார். ஒரு சோப்புக்கும் ஒரு லேகியத்துக்கும்கூட இப்படி ஏற்பாடு உண்டு. ரெங்கசாமி வீட்டில் கிராமபோனே கிடையாது என்பது எவருக்கும் தோன்றியதில்லை.

இன்சீன் ரயில் பட்டறை ஃபிட்டர் நல்லையாவின் மகள் தங்கமணிக்குக் கல்யாணம் வந்தது. இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக மோல்மேனிலிருந்து கூடிவந்த சம்பந்தம். நாயனக்காரர்கள் கோயில் உற்சவத்துக்குப் போய்விட்டதால் நல்லையா ஒரு கிராமபோனை இரவல் வாங்கிக்கொண்டு ரெங்கசாமியைத் தேடி வந்தார்.

"அண்ணே, தாலி கட்டுறப்போ போட ஒரு நல்ல பிளேட்டாச் சொல்லுங்க."

அந்த வாரம் கடைக்காரர் தள்ளிவிடச் சொல்லியிருந்தது, நாற்பது பிரதி விலைபோகாமல் கிடந்த ஒரு பிளேட்டு. ரெங்கசாமிக்கு அதன் பச்சை உறை மட்டும் தெரியும்.

"பச்சை உறை போட்டது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. எம் பொண்ணு கல்யாணம்னா அதைத்தான் போடுவேன். முன்கூட்டியே போட்டுப் பார்த்துடாதே, மொத சத்தம் முகூர்த்தத்துலதான் கேக்கணும்."

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஊசி இறங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்துச் சுடுகாட்டில் நிற்கும் தாயாக ஒரு நாடகக்காரி, "ஐயோ மகனே!" என்று புலம்ப ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் நீலாம்பாள் எழுந்துவிட்டாள். "எம் புள்ளை தாலி கட்டையிலே ஒப்பாரியா? எந்திரிடா!"

மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. நல்லையா ரெங்கசாமியைப் பார்த்தார்.

'பிளேட்டைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது' என்றால் தீர்ந்தது. அது அவர் நாக்குவரை வந்ததும் உண்மை. ஆனால் கேட்காமல் ஏன் சொன்னீர் என்று அடுத்த கேள்வி வருமே! அதற்குப் பதில் லுங்கி. லுங்கியோ அவர் இடுப்பில் இருந்தது.

ரெங்கசாமி எழுந்தார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அம்மா, உங்களுக்குத் தெரியாததா? கண்ணு படாம இருக்க மெட்ராஸ்ல பெரிய மனுசங்க வீட்டு முகூர்த்தத்துக்கெல்லாம் இப்போ இதுதான். கெட்டதையெல்லாம் அவளே அழுது தீர்த்துடுவாளாம்."

மெட்ராஸ் சங்கதி தெரியாது என்று மோல்மேன்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? "நானும் கேள்விப்பட்டேன்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. "நான் கேட்டே இருக்கேன்" என்றார் பக்கத்திலிருந்தவர். நீலாம்பாளும் உட்கார்ந்து மெல்லத் தலையாட்டினாள். பாதியில் நின்ற கை தங்கமணியின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிளேட்டில் தாய் அழுதாள். மணையில் தங்கமணியும் அழுதாள். ஏன் என்று அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதத்துக்குள் நாற்பது பிரதியும் தீர்ந்தன. பசுந்தாங்கில் மட்டும் மூன்று கல்யாணங்களில் அந்தத் தாய் பிள்ளையைப் பறிகொடுத்தாள். ரெங்கசாமிக்கு மூன்று லுங்கி.

வெட்கங்கெட்ட பிழைப்பு என்று நீங்கள் காறித் துப்புவது கேட்கிறது. துப்புங்கள், நானும் துப்புகிறேன். ஆனால் "நான் கேட்டே இருக்கேன்" என்றாரே ஒருவர், அவர் முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே! போன வாரம், தொட்டுக்கூடப் பாராத ஒரு சோப்பை ஆபீஸ் முழுக்கப் புகழ்ந்து தள்ளியது யார்? ரெங்கசாமிக்காவது லுங்கி கிடைத்தது. உங்களுக்கு என்ன கிடைத்தது?