போட் மெயிலில் வரும் நீரஜாவுக்கு

மயிலாப்பூர்,
4-5-1935

சிரஞ்சீவி நீரஜாவுக்கு அப்பா சந்திரமௌலி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் தங்கை விஜயலக்ஷ்மியும் க்ஷேமம். உனக்கு வந்த ஜுரம் விட்டுவிட்டதற்குக் கபாலீசுவரருக்கு அர்ச்சனை செய்தாயிற்று. பழக்கதோஷத்தில் உன் பெயருக்கு முன்னால் "சௌபாக்கியவதி" என்று எழுதிவிட்டேன். மாப்பிள்ளை போய் ஆறு வருஷமாகியும் கை மறக்க மாட்டேன் என்கிறது. அடித்த இடத்தில் மசி கொட்டிவிட்டது.

இலங்கையில் மலேரியாக்காரர்களுக்கு ஐந்து மாதம் சம்பளமில்லாமல் கொயினா மருந்து கொடுத்து முடித்து, பதினோராம் தேதி காலை போட் மெயில் ரயிலில் எழும்பூர் வந்து சேர்வதாக எழுதியிருந்தாய். உடனே உன் அறைக்கு வெள்ளையடிக்க முனியனைக் கூப்பிட்டேன். அவன் ஏணி உச்சியில் நின்றபடி, "இன்னா சாமி, பெரிய பாப்பா வருதா? அப்போ ரெண்டு தபா அடிக்கணும்" என்று சந்தோஷமாய்த் திரும்பினானோ இல்லையோ, சுண்ணாம்பு வாளி கவிழ்ந்து, கீழே விஜயாவின் ஜாதகத்தைப் பிரித்துக்கொண்டிருந்த தரகர் ரகுபதியின் தலையில் கொட்டியது. அவர் கண் தெரியாமல் கிணற்றடிக்கு ஓடி, உனக்காக வாங்கி உலர்த்தியிருந்த கொசுவலையில மாட்டிண்டு கத்த, பக்கத்தாத்துப் பாண்டுரங்க ராவ் திருடன்னு நினைச்சு உலக்கையோட வந்துட்டார். எல்லாம் அடங்கி, ரகுபதி முகத்தைத் துடைச்சுண்டு, "கொசுவலை யாருக்கு ஓய்?"ன்னார். சொன்னேன். "பன்னெண்டாம் தேதி திருவல்லிக்கேணிக்காரா பொண் பார்க்க வரா. கடல் தாண்டித் தனியாப் போய், ஜுரத்தோட திரும்பின பொண்ணு கூடத்துல நின்னா அவா காபியைக்கூடத் தொட மாட்டா"ன்னார். மலேரியா அப்படி ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் சரின்னு தலையை ஆட்டிட்டேன்.

அதனால அம்மா, நீ செங்கல்பட்டுலயே இறங்கி, அத்தையாத்துல பத்து நாள் இருந்துட்டு வா. கைக்குழந்தை ஒண்ணை நீயே குழியில வெச்சுட்டு வந்து, ராத்திரி பூரா தூங்கலேன்னு மாசியில எழுதியிருந்தே. அதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம மூணு தடவை காகிதத்தை எடுத்து எடுத்து வெச்சுட்டேன். கடைசியில எழுதின பதில் இதுதான்னா எனக்கே வெக்கமா இருக்கு.

கற்பகாம்பாள் காவலில் வழித்துணையோடு வந்து சேர சர்வ மங்களம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சந்திரமௌலி

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடப் போனேன். அதுக்குள்ள விஜயா இதைப் படிச்சுட்டா. நேரே ரகுபதியாத்துக்குப் போய், "எங்கக்காவைப் பார்க்கக் கூசறவா என்னையும் பார்க்க வேண்டாம்"னு சொல்லிட்டு வந்துட்டா. வரன் போச்சு. வந்தவ சமையல் உள்ளுல உக்காந்து அழறா. அந்தப் பையனோட போட்டோவைத் தையல் பெட்டியில வெச்சிண்டிருந்தாடி, எனக்குத் தெரியவே தெரியாது. மேலே எழுதினதை மறந்துடு. செங்கல்பட்டுல இறங்காதே. நீ கிளம்பின அன்னிக்கு அப்பா ஸ்டேஷனுக்கு வரலேன்னு நினைச்சிண்டிருப்பே. வந்தேன். வண்டி நகர்ற வரைக்கும் புஸ்தகக் கடைக்குப் பின்னால நின்னுண்டிருந்தேன். பதினோராம் தேதி பெண்கள் வண்டி நிக்கற இடத்துக்கு எதிரேயே நிப்பேன், விஜயாவும் வருவா.