கொக்கு இல்லாத புத்தகம்

படம் அழகாக இருக்கிறதே என்று புத்தகம் வாங்குகிறவனுக்கு உயிர்ப்பயம் என்றால் என்னவென்று ஒருநாள் தெரிந்துவிடும். எனக்கு ஓர் அறுவடைக் காலத்தில் தெரிந்தது.

அப்போது நான் நாகப்பட்டினத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பறவை பார்க்கும் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்தது. தஞ்சாவூர்க் கடையில் இரண்டு கையேடுகள் இருந்தன. ஒன்று நம் பக்கத்துப் பறவைகளைப் பற்றியது. கறுப்பு வெள்ளைப் படம், மட்டக் காகிதம். இன்னொன்றில் வழவழவென்று வண்ணப் படங்கள்.

"அது சீமைப் பறவைங்க சார்" என்றார் கடைக்காரர்.

"பறவைக்கு ஏதுங்க சீமை? அதான் பறக்குதே!" என்றேன். (அந்தப் பதிலில் எனக்கு ஒரே பெருமை.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வரப்பில் போய் நின்றேன். கூலித் தகராறில் அங்கே அறுவடை நின்றிருந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று ஊரே காவல் காத்தது. பேப்பரில் படித்திருந்தேன், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

பைனாகுலரில் கொக்குக்குப் பதிலாக அரிவாள் தெரிந்தது. இறக்கிப் பார்த்தால் சுற்றிலும் ஆட்கள்.

"யாருய்யா தலை எண்ணிட்டு வரச் சொன்னது? பண்ணையா, போலீஸா?" என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

அவர் கேட்டதில் தப்பில்லை. முந்தின வாரம்தான் போலீஸ் அவர்கள் ஆட்களை வேனில் ஏற்றிப் போயிருந்தது. தாலுகா ஆபீஸ் என்று வாயைத் திறந்தால் தொலைந்தேன்.

"ப... பறவை பாக்க வந்தேங்க. புஸ்தகம்கூட இருக்கு."

அவர் வயலில் நின்ற வெள்ளைக் கொக்கைக் கைகாட்டினார். "அப்ப அத இதுல காட்டு."

புரட்டினேன். பனியில் வாத்து, பாறையில் ஆந்தை. முன்னிருந்து பின், பின்னிருந்து முன். கொக்கு இல்லை! வியர்வை புத்தகத்தின் மேல் சொட்டியது. "காணோங்க" என்றது எனக்கே கேட்கவில்லை.

"புளுகுறான், கட்டிப் போடுங்க!" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விடுங்கப்பா. வேவு பாக்க இப்படி ஒரு ஆளையா அனுப்புவாங்க? கொக்கு இல்லாத புஸ்தகத்தக் காசு குடுத்து வாங்கியிருக்கு இது."

வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த தப்பு. துணி எடுத்தாலும், டிவி வாங்கினாலும், "கொக்கு இருக்கான்னு பாத்தீங்களா?" என்பாள் மனைவி.

பல வருஷம் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அமெரிக்க வேலையில் மயங்கி நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். காபித் தட்டோடு வந்தவள் குனிந்து என் காதோடு கேட்டாள்:

"கொக்கு இருக்காப்பா?"

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.