கண்ணளவும் ஐந்து பிராக்களும்

ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது.

"இழு, அபெனா!"

"இழுக்கலாம் மேடம். துணியும் கூடவே வந்துரும்."

மேடம் கொனாடு வீட்டில் துணி துவைப்பவள் அபெனா. மேடம் எங்கே போனாலும் பையும் குடையுமாகப் பின்னால் வருவாள். இப்போது ஒரு கையில் ஜிப், மறுகையில் சுட்ட வாழைக்காய். ஐந்தடி தள்ளி, கண்ணியமாகக் கூரையைப் பார்த்தபடி நின்றிருந்தார் மாஸ்டர் அஜெகும்.

குமாசி நகரச் சந்தையில் 'கர்த்தரின் கண் தையலகம்' அவருடையது. இருபது வருஷமாக அவர் அளவுநாடாவைத் தொட்டதில்லை. "நாடா எதுக்கு? நம்பிக்கை இல்லாதவனுக்கு" என்பார். ஆள் வந்து நின்றதும் இடது கண்ணைப் பாதி மூடி ஒரு பார்வை, அவ்வளவுதான். சாக் கட்டி தானாக ஓடும். திங்கட்கிழமை மேடம் துணி கொடுக்க வந்தபோதும் அப்படித்தான் பார்த்தார், அப்படித்தான் வெட்டினார்.

இன்று செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை மேடம் தேவாலய மாதர் சங்கத் தலைவியாகப் பதவி ஏற்கிறார். அன்றைக்குப் போடும் இந்த மேல்சட்டை பாந்தமாக உட்கார்ந்தால் சங்கத்துப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரின் சீருடையும் அஜெகுமுக்கு. இல்லையென்றால் எதிர்க்கடை பிரின்ஸுக்கு. அவன் பாரிஸில் படித்ததாகப் பலகையில் எழுதி வைத்திருப்பவன்.

"நேத்து சாப்பாடு கொஞ்சம் பலமோ, மேடம்?" என்றார் கூரையைப் பார்த்தபடியே.

மேடம் முகம் சுருங்கியது. அஜெகும் இரண்டு விரல் அகலம் பிரித்துவிட்டார்.

புதன்கிழமை அதே சட்டை மேடத்தின் மேல் கோணிப்பை மாதிரித் தொங்கியது. உள்ளே ஒரு கோழியை வைத்து ஆராதனைக்குக் கொண்டுபோகலாம்.

"ஒரே ராத்திரியில இப்படியா இளைப்பீங்க?"

"நான் பட்டினியெல்லாம் இல்லையே, மாஸ்டர்!"

மூன்று விரல் உள்ளே பிடித்தார். வியாழக்கிழமை அபெனா ஜிப்பை மேலே ஏற்றினாள், மேடம் தும்மினார், தையல் படாரென்று விட்டது.

அன்று மாலை அஜெகும் யாருக்கும் தெரியாமல் கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டார். 'கர்த்தரின் கண்' என்ற பலகைக்குக் கீழே கண்ணாடியோடு உட்கார வெட்கம். ஆள் வரும்போது கழற்றி, ஆள் போனதும் மாட்டிக்கொண்டு தைத்தார்.

வீட்டில் மனைவி செர்வா, "என்ன, முகம் வாடியிருக்கு?" என்றாள்.

"தொழில் விஷயம். உனக்குப் புரியாது."

செர்வாவும் தொழில்காரிதான். அதே சந்தையில் பிரா விற்பவள். ஆனால் அந்த வார்த்தை அஜெகும் வீட்டுக்குள் வரக்கூடாது. 'அந்தச் சரக்கு' என்றுதான் சொல்லவேண்டும். கடையையும் கருவாட்டு வரிசைக்குப் பின்னால், தன் கண்ணில் படாத மூலையில் போடவைத்திருந்தார். ஒருமுறை அவள் வகைகளை விளக்க வாயெடுத்தபோது, "ரெண்டு கிண்ணம், ஒரு பட்டை. இதுல என்ன வகை வேண்டிக்கிடக்கு?" என்று அடக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் வாடிக்கையாளர் யார் என்று அவளுக்குத் தெரியாது, அவளுடைய வாடிக்கையாளர் யார் என்று அவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அகலம் சரியாக இருந்தது. ஆனால் மார்புக்கென்று பிடித்த மடிப்புகள் இரண்டும் மார்பை விட்டு மேலே ஏறித் தோளை விசாரித்துக்கொண்டிருந்தன. மேடம் அழுதுகொண்டே வெளியேறினார். மன்னிப்புக் கேட்க அஜெகும் பின்னாலேயே ஓடினார். மேடம் கருவாட்டு வரிசையைத் தாண்டி நேரே போய் நின்ற இடம், செர்வாவின் கடை.

"இந்தத் தோள்ல பட்டை இல்லாததும் சரிப்படலையா?" செர்வாவின் குரல். "விடுங்க மேடம், கோளாறு உங்க உடம்புல இல்ல. அந்தத் தையக்காரன் கண்ணுலதான். செவ்வாக்கிழமை தூக்கிக் குடுக்கறது போட்டுக்கிட்டுப் போனீங்க, இறுக்குதுன்னான். சரின்னு அடக்கிக் காட்டறது குடுத்தேன், தொளதொளங்குதுன்னான். பஞ்சு வெச்சது குடுத்தேன், கிழிச்சே போட்டான்! எந்தக் குருட்டுப் பய அவன்?"

அஜெகும் வாழ்நாளில் உச்சரிக்காத வார்த்தை சந்தை முழுக்கக் கேட்டது.

"நாலு நாளா என் சட்டைக்குள்ள பிராவை மாத்தினது நீதானா?"

கருவாட்டுக்காரி தராசைக் கீழே வைத்தாள். "யாரு சட்டைக்குள்ள, மாஸ்டர்?"

சந்தையே சிரித்தது. செர்வா இடுப்பில் கை வைத்தாள். "ஒண்ணு தூக்கும், ஒண்ணு அடக்கும், ஒண்ணு நிரப்பும், ஒண்ணு தோள் தெரியற சட்டைக்கு. எல்லாம் ஒண்ணுதான்னு சொன்ன வாய் எது, மாஸ்டரே? 'உள்ள என்ன போட்டிருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தீந்துது!"

"நான் மானஸ்தன்!"

"அப்ப தச்சுக்கிட்டே இரு."

கடைசியில் மேடமே கைகூப்பினார். சமாதானம் இப்படி முடிந்தது: செர்வா ஐந்தாவதாக, சட்டைக்கு மேல் தையல் தடம் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அஜெகும் எல்லா மாற்றத்தையும் பிரித்துவிட்டு, திங்கட்கிழமை போட்ட சாக் கோட்டுக்கே திரும்பினார். அது அவர் கண் போட்ட கோடு, அதை விட்டுக்கொடுக்கமாட்டாராம். போட்டுப் பார்க்க நேரமில்லை. சனிக்கிழமை விடாத மழை. சட்டையை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு காலை மேடம் கொனாடு தேவாலயப் படியேறினார். சட்டை உடம்போடு பிறந்ததுபோல் இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. பெண்கள் கூட்டம் 'ஆ' என்றது. நாற்பத்திரண்டு சீருடையும் அந்த இடத்திலேயே உறுதியானது.

வாசல் மரத்தடியில் அஜெகும் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? திங்கக்கிழமை ஒரே பார்வை. என் கண்ணுக்குத் தப்புனது எதுவும் இல்ல."

"கண்ணாம் கண்ணு! அது என் அஞ்சாவது பிரா செஞ்ச வேலை."

"கண்ணு!"

"பிரா!"

பக்கத்தில் குடையோடு நின்றிருந்த அபெனா வேர்க்கடலையை மென்று விழுங்கினாள்.

"அஞ்சையும் துவைச்சுப் போட்டேன், மழையில ஒண்ணுமே காயல, அஞ்சும் கொடியிலதான் தொங்குது, பழசு அறுந்துபோயி திங்கக்கிழமை துணி குடுக்க வந்தப்போ எப்படி வந்தாங்களோ அப்படியேதான் மேடம் இன்னிக்கும் வந்திருக்காங்க, அன்னிக்கு அது உங்க கண்ணுல படலையா, மாஸ்டர்?"