மாஃபி அண்ணனும் எட்டு நாள் எண்ணெயும்

எண்ணெயை விற்றே நிமிர்ந்த இந்த வளைகுடாவில், எண்ணெயைப் பரம விரோதியாக நினைத்த ஒரே ஆள் எங்கள் மாஃபி அண்ணன்தான். மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. துபாய் கராமாவில் நாங்கள் சேர்ந்து தங்கிய ஃப்ளாட்டில் அவர் சமையல் முறை வரும் நாளில் குழம்பில் எண்ணெய் மாஃபி, டீயில் சீனி மாஃபி, ஊறுகாய் அறவே மாஃபி. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்டது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். துபாய்க்கு வந்த புதிதில் பரோட்டா மாஸ்டர். சட்டி சட்டியாக எண்ணெய் ஊற்றிய அந்தக் கைதான் ஒருநாள் திருந்திவிட்டதாகச் சொல்வார். திருந்திய கை தண்ணீரில் தாளிக்க ஆரம்பித்தது. கடுகு வெடிக்காது, மிதக்கும். எங்களோடு இருந்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன் தட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, கடுகு நீச்சல் பழகுது போல" என்றார். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு யூதக் குடும்பத்தில் சமையல் வேலை கிடைத்தது. முதல் நாள் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அந்த வீட்டில் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரமாம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாதாம். அடுப்பை மட்டும், அவர்கள் மத முறைப்படி, வீட்டு மேடமே வந்து பற்றவைப்பாராம். சமையலறையில் இத்தனை சட்டதிட்டம் இருக்கலாம் என்பதே அவருக்குப் பேரானந்தம். அடுத்த வாரமே எங்கள் ஃப்ளாட்டிலும் சிவப்புக் கரண்டி, நீலக் கரண்டி வந்துவிட்டன. சிவநேசன் பால் தேத்தண்ணிக் கரண்டியால் கோழிக்குழம்பைக் கிண்டிய அன்று, அண்ணன் அவரோடு சாயங்காலம் வரை பேசவில்லை.

எங்களுக்கோ அந்த வீட்டுச் சாப்பாட்டின் மேல் ஆசை வளர்ந்தது. மேடம் கொடுத்தனுப்புவதை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஆராய்வோம். ஜடை பின்னியது போல ஒரு ரொட்டி. சனிக்கிழமை அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால் முந்தின நாளே சிறு தீயில் ஏற்றிவிடும் பயறு, பார்லி, இறைச்சிக் கூட்டு. அவர்கள் புத்தாண்டுக்குத் தேனில் தொட்ட ஆப்பிள். பஸ்கா பண்டிகைக்கு, மாவு புளிக்காமல் சுட்ட மட்ஸா என்ற காய்ந்த ரொட்டி. பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்த அந்த மட்ஸாவை அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அப்புறம் ஹனுக்கா பண்டிகை வந்தது. உருளைக்கிழங்கைத் துருவி அடையாகத் தட்டி எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்றார் மேடம். லாட்கே என்று பெயர். அது போதாதென்று, ஜாம் வைத்த போண்டா மாதிரி ஒன்று, அதுவும் எண்ணெயில். காரணமும் சொன்னாராம்: பழைய காலத்தில் கோயில் விளக்குக்கு ஒரு நாளுக்கான எண்ணெய்தான் இருந்தது, அதிசயமாக எட்டு நாள் எரிந்தது, அதைக் கொண்டாடத்தான் இந்தப் பலகாரங்கள்.

அண்ணன் அந்தக் கதையைத் தனக்கேற்றபடி புரிந்துகொண்டார். "பாத்தீங்களா, ஒரு நாள் எண்ணெயில எட்டு நாள் ஓட்டிருக்காங்க. இதத்தானே நான் தலதலயா அடிச்சுக்கிறேன்."

பண்டிகையன்று யாரிடமும் சொல்லாமல் லாட்கேயை ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்ததாம். மேடத்தின் மாமனார், அதாவது சாரின் அப்பா, வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். மனைவி இறந்த பிறகு அவருக்கு அதுதான் முதல் ஹனுக்கா. பெரியவர் ஒரு வாய் கடித்தார், தட்டில் வைத்தார், வேறு எதையும் தொடவில்லை.

வேலை போயிற்று என்றே அண்ணன் நினைத்தார். சமையலறைக்கு வந்த மேடம் கோபப்படவில்லை. மாமனார் வீட்டில் பண்டிகை வந்துவிட்டதை எண்ணெய்ச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுகொள்வார்கள் என்று மட்டும் சொன்னார். அண்ணன் வாணலியை எடுத்தார். மேடம் அடுப்பைப் பற்றவைத்தார். சத்தம் கேட்டதும் பெரியவர் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாராம். முதல் லாட்கேயை ஊதி ஊதித் தின்றவர், இரண்டாவதை அண்ணன் கையில் கொடுத்து, தின்னச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார்.

"தின்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு பாத்துக்கிட்டே நிக்கிறாரு. எப்புடி மாஃபிங்கிறது?"

"எப்பிடி இருந்தது?" என்றார் சிவநேசன்.

அண்ணன் எழுந்தார். "அத ஏன் கேக்குற" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வாணலியிலும் முதன்முறையாக எண்ணெய் நிறைந்தது. அண்ணன் பொரிக்கப் பொரிக்க, நாங்கள் நின்றபடியே தின்று தீர்த்தோம். அந்த வீட்டில் தொட்டுக்கொள்ளும் ஆப்பிள் மசியலுக்குப் பதிலாகச் சிவநேசன், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் தொட்டுக்கொண்டார். கடைசி அடை முடிந்ததும் அண்ணன் அடுப்பை அணைத்து, "பண்டிகை கலாஸ். நாளைலேருந்து மறுபடி மாஃபி" என்று அறிவித்தார். சொன்னபடியே மறுநாள் கடுகு மிதந்தது.

இப்போது அந்தக் குடும்பம் பஹ்ரைனுக்கு மாறிவிட்டது. அண்ணனும் கூடவே போய்விட்டார். வெள்ளிக்கிழமை மதியம் போன் வரும். சுகமா என்றெல்லாம் கேட்கமாட்டார். என்ன சாப்பிட்டீங்க என்பதுதான் முதல் கேள்வி. சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்வதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் விடாமல் ஒரு கீரையாவது கடைந்துவிடுகிறேன்.