காசியில் நான் விட்டது

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவன் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு அந்த வீட்டில் ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த ஆபத்தான ஆசாமி நான்தான்.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு சித்திரை மாதம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, ஆவடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சேக்காட்டில் ஊராருக்குக் கடிதம் படித்துச் சொல்வதையும் மனு எழுதிக் கொடுப்பதையும் ஏதோ கலெக்டர் உத்தியோகம் போலச் செய்துகொண்டிருந்தேன். அப்போது அண்ணனூர் ஏகாம்பரம் மாமா தம் தாயாரின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்கும், அப்படியே ஹரித்துவாரத்துக்கும் கிளம்பினார். (ஊர்முறைக்குத்தான் மாமா. நிஜ மாமாவாக்கிக்கொள்ள நான் துடித்துக்கொண்டிருந்தேன்.) அவர் மகள் பொன்னம்மாளுக்கு இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஒன்று பூந்தமல்லிப் பையன். இரண்டு ஜோடி மாடும் வற்றாத கிணறும் உள்ளவன். இன்னொன்று நான். என்னிடம் மாடு இல்லை, கிணறு இல்லை. பூகோளம் இருந்தது.

ரயிலடிப் பலகைகளைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நான் பலகையோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் வீட்டுக் களத்துமேட்டில் ஒரு குச்சியை எடுத்து இந்திய தேசப் படத்தை மண்ணில் வரைந்தேன். கீழே ஆவடி, மேலே இமயமலை. குச்சியை மலைமேல் ஊன்றினேன்.

"வடக்கே போகப் போகக் குளிர் அதிகம் மாமா. புஸ்தகத்துல போட்டுக்கீது. இங்க வருஷம் பூரா பனி."

"சித்திரையிலகூடவா?"

"பனிக்குச் சித்திரை ஏது மாமா?"

இதைச் சொல்லிவிட்டு வாசற்கதவைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம். என்னை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (சிரித்தாளாம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்.)

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் மாமாவின் அக்கா தாயாரம்மாள். நாக்கிலேயே அரிவாள் வைத்திருந்த மனுஷி. அந்த அம்மாள் பனைவிசிறியை மூட்டையில் சொருகியபோது நான் பதறிப் போய்த் தடுத்தேன்.

"அங்க விசிறி வேணாம் அத்தே. கம்பளிதான் வேணும்."

"உனுக்கு வேணாம்னா நீ வெச்சிக்காத. என் மூட்டையில உனுக்கு இன்னா வேலை?"

ஆளுக்கு ஒரு கருங்கம்பளி. ஆட்டின் வாசனையில் முக்கால்வாசி அதிலேயே தங்கியிருந்தது. மோர்க்குடுவையை இறக்கிவிட்டுச் சுக்கும் மிளகும் ஏற்றினேன். எனக்கென்று மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய கோட்டு ஒன்று வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே தொங்கும். பித்தளைப் பொத்தான்கள் கழுத்துவரை. அதைப் போட்டுக்கொண்டு சென்ட்ரலில் நின்றபோது, யாரோ ஒரு பெரிய மனுஷன் போகிறான் என்று கூலியாட்கள் ஒதுங்கினார்கள். பைத்தியம் என்று ஒதுங்கியிருக்கவும் கூடும்.

பெஜவாடா தாண்டியதும் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நாக்பூரில் இருக்கைப் பலகையே அடுப்பாகிவிட்டது. எதிரில் இருந்த மார்வாடி சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை விரித்துப் படுத்திருந்தார். நான் மட்டும் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தேன். கழற்றினால் பூகோளம் தோற்றுவிடும்; பூகோளம் தோற்றால் பூந்தமல்லி ஜெயித்துவிடும்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாமா கேட்டார்: "தம்பி, இன்னும் வடக்கு வரலியா?"

"இன்னும் கொஞ்சம் போகணும் மாமா."

தாயாரம்மாள் விசிறியை எடுத்துத் தனக்கு மட்டும் வீசிக்கொண்டார். அந்தக் காற்றில் ஓரத்துத் துளி என் மேல் பட்டுவிடாதபடி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொண்டதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

காசியில் இறங்கி, காரியங்கள் முடிந்து, கங்கையில் கழுத்துவரை இறங்கியவன் வெளியே வர மறுத்துவிட்டேன். கோட்டின் சாயம் இறங்கி நெஞ்செல்லாம் காக்கி. பக்கத்தில் முழுக்குப் போட்டவர்கள் நகர்ந்து போய் முழுகினார்கள்.

ஆனால் படித்தவன் லேசில் அடங்குவானா? அன்று மாலை வறுத்த கடலை வாங்கினேன். பொட்டலத்துக் காகிதம் இங்கிலீஷ் பேப்பர். அதில் வானிலைச் செய்தி: காசியும் ஹரித்துவாரமும் அடங்கிய ஐக்கிய மாகாணம் முழுவதும் வறண்ட வெயில் நீடிக்கும். கடலையை மடியில் கொட்டிவிட்டுக் காகிதத்தோடு மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, பேப்பர்லயே போட்டுட்டான். இனிமே ஹரித்துவாரம் வரைக்கும் வெயில்தான். கம்பளிய எதுக்கு வீணா தூக்கிகினு போகணும்?"

(அது எந்தத் தேதிப் பேப்பர் என்று பார்க்கவில்லை. கடலைக்காரன் அன்றைய பேப்பரிலா மடிப்பான் என்று கேட்கும் புத்தி பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரப்படவில்லை.)

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். காயோ பழமோ, இனி அதைத் தொடமாட்டேன் என்று விடுவார்கள். நான் அதற்கு ஒரு திருத்தம் கொண்டு வந்தேன்: நாம் கம்பளியை விடுவோம். படித்துறைப் புரோகிதரான ஒரு பண்டா மூன்று நொடியில் சம்மதித்தார். மாமா கம்பளியைக் கொடுத்தார். நான் என் கம்பளியோடு கோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். தாயாரம்மாள் மட்டும் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் வெண்டிக்காயை உட்டுட்டேன். எனக்கு அது போதும்."

ஹரித்துவாரத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. "பாத்தீங்களா மாமா?" என்றேன். மாமா முதன்முறையாகத் தலையாட்டினார். எனக்குப் பொன்னம்மாளே தலையாட்டினாற்போல் இருந்தது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மாமா முழுகி எழுந்து ஈர வேட்டியோடு படித்துறையில் நின்றார். திடீரென்று மேற்கே ஆகாயம் மஞ்சளாயிற்று. ஒரு புழுதிக் காற்று வந்து எங்கள் துணிமூட்டையை உருட்டி ஆற்றில் தள்ளியது. பின்னாலேயே மழை. மழையோடு ஆலங்கட்டி, கொட்டைப்பாக்கு அளவில். இரண்டு நிமிஷத்துக்கு முன் கொதித்த கல்படி, கால் வைக்க முடியாமல் சில்லிட்டது. மண்டபமெல்லாம் ஆட்கள் நெருக்கி நின்றார்கள், ஒண்ட இடமில்லை. மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது. பல் கிடுகிடுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது. பொன்னம்மாளுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

தாயாரம்மாள் தோளில் இருந்த தன் மூட்டையைப் பிரித்தார். ஒற்றைக் கருங்கம்பளி வெளியே வந்தது. தம்பியை இழுத்து உட்கார வைத்துப் போர்த்தி, தானும் உள்ளே நுழைந்து, பனைவிசிறியை இருவர் தலைக்கும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆலங்கட்டிகள் விசிறியில் பட்டுப் படபடவென்று தெறித்தன.

எனக்கு இடமில்லை. காற்று வந்த பக்கம் முதுகைக் காட்டி மாமாவை மறைத்துக்கொண்டு நின்றேன். அடி ஒவ்வொன்றும் எங்கள் பூகோள வாத்தியார் பிரம்பை ஞாபகப்படுத்தியது.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, வடக்கு வந்துட்டுதா?"

"வந்துட்டுது மாமா."

"குளிர்தான்."

"ஆமா மாமா."

"புஸ்தகத்துல சரியாத்தான் போட்டுக்கீறான். நீதான் முந்திகினே." கொஞ்சம் பல் கிடுகிடுப்புக்குப் பிறகு, "அக்கா, இவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா?"

"பேத்தறவனா கீறான். ஆனா தான் பேத்தறத தானே நம்பறான். அந்தக் கோட்டைப் போட்டுகினு வெந்தான் பாரு, ஒரு மொனகல் இல்லாம. பொய்க்காரன் மொத ஸ்டேஷன்லயே கழட்டியிருப்பான்."

கம்பளியின் ஒரு மூலையைத் தூக்கி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆட்டு வாசனை அவ்வளவு இனிக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

"பொண்ணத் தரேன்," என்றார் மாமா. "ஆனா காசியில நீ ஒண்ணும் உடல."

"கோட்டை விட்டேனே மாமா."

"அது உடறதில்ல. அது உங்கிட்ட இருந்து தப்பிச்சுகினு போயிடுச்சி. வேற ஒண்ண உடு. வெயிலு, மழை, வானம், இதப்பத்தி ஆயுசுக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

ஒரு ஆலங்கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அது கரைகிறவரை பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

கல்யாணம் ஆயிற்று. இன்றுவரை வாக்குத் தவறவில்லை. பொன்னம்மாள் மிளகாய் காயப்போட்டிருக்கும்போது பூந்தமல்லிப் பக்கம் கருகருவென்று மேகம் ஏறுவதைப் பார்ப்பேன்; வாய் திறக்கமாட்டேன். நனைந்த பிறகு அவள் முறைத்தால், உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன்.

போன வாரம் வானம் இருண்டது. பேசத்தானே கூடாது என்று, சத்தமில்லாமல் ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் பொன்னம்மாள் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடுவது கேட்டது:

"அடியே, எங்க ஊட்டுக்காரரு குடை எடுத்துட்டாரு. அவிச்ச நெல்ல கொண்டாந்து கொட்டு, நல்லா காயும்."

தெருவே நெல்லைக் கொண்டுவந்து கொட்டியது. நன்றாகத்தான் காய்ந்தது.