சல்லடை கேட்ட தேவாங்கு

ஒரு காட்டில் புல் இருந்தது, பொய்கை இருந்தது, போதாக்குறைக்கு மின்னஞ்சலும் இருந்தது. முன்பெல்லாம் ராஜாவிடம் குறை சொல்ல வேண்டுமானால் குகை வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். போனவற்றில் பாதி திரும்பி வராது. அதனால், "இனி யாரும் நேரில் வர வேண்டாம், எல்லாம் காட்டஞ்சலில்" என்று சிங்கராஜா அறிவித்தபோது காடே கைதட்டியது. விண்ணப்பத்தை அனுப்பினால் அது ராஜாவின் பெட்டியில் போய் விழும். ராஜா திறந்து பார்த்து 'அனுமதி' என்ற பட்டனை அழுத்துவார். அழுத்துவார், அழுத்துவார் என்று நாலு வருஷமாகக் காடு காத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டஞ்சலுக்குக் காவல் அதிகாரி ஒரு தேவாங்கு. பெயர் அங்கயற்கண்ணி. இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற இனம். ஆபீஸ் நேரமோ காலை பத்து முதல் மாலை ஐந்து. ஆகவே எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் முழித்துக்கொண்டுதான் இருப்பாள். ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் பார்க்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் ஒரு கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அப்படிப் படித்ததில்தான் ஒரு நாள் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

பதறிப்போய்த் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடினாள். தலைமைச் செயலாளரின் அறைக்குப் போய்ச் சேர மறுநாள் ஆயிற்று. தலைமைச் செயலாளர் ஒரு முள்ளம்பன்றி, பெயர் சதாசிவம். முதுகு நிறையப் பேனா; ஒன்றாலும் கையெழுத்து விழாது.

"ஐயா, கடிதத்துக்குள்ளே கட்டளையை ஒளித்து அனுப்பலாம் ஐயா!"

"அனுப்பட்டுமே. கடிதம்தானே?"

"காகிதத்தில் 'நெருப்பு' என்று எழுதினால் காகிதம் பற்றாது. நம் அஞ்சலில் பற்றிக்கொள்ளும் ஐயா. கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் 'இந்தப் பட்டனை அழுத்து' என்று எழுதி அனுப்பினால், கடிதத்தைத் திறந்த மாத்திரத்தில், திறந்தவரே அழுத்தின மாதிரி அழுத்திவிடும். திறந்தாலே போச்சு."

"ராஜா திறந்தாலுமா?"

"ராஜா திறந்தால்தான் ஐயா ஆபத்தே."

முள்ளம்பன்றி முதுகை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டார். "அதற்கு என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?"

"ஒரு சல்லடை மாட்ட வேண்டும் ஐயா. வருகிற கடிதத்தைச் சலித்து, வெறும் எழுத்தை உள்ளே விட்டு, கட்டளையை வெளியே கொட்டிவிடும். நானே செய்து வைத்திருக்கிறேன். ராஜா சரியென்றால் நாளைக்கே மாட்டிவிடலாம்."

"நல்ல யோசனை. விண்ணப்பம் அனுப்பு."

"எதில் ஐயா?"

"இது என்ன கேள்வி? காட்டஞ்சலில்தான்."

அனுப்பினாள். ஒரு மழைக்காலம் போயிற்று. ரிமைண்டர் அனுப்பினாள். ரிமைண்டர் அனுப்பினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்பது விதி என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இதற்கிடையில், அந்தக் காட்டில் மாசிலாமணி என்று ஒரு நரி இருந்தான். முயல்மேட்டைத் தனக்குக் குத்தகைக்குத் தர வேண்டும், அங்கே ஒரு விருந்து மண்டபம் கட்டப் போகிறேன் என்று அவனும் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தான். விருந்துக்கு என்ன சமைப்பான் என்று விண்ணப்பத்தில் எழுதவில்லை. முயல்களுக்கு மட்டும் தெரியும். அவை பயந்துபோய், 'மாசிலாமணி முயல்மேட்டுக்கு மூன்று காத தூரத்துக்குள் வரக்கூடாது' என்று உத்தரவிடும்படி ஒரு விண்ணப்பம் போட்டன. இரண்டும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கின.

நரிக்குப் பொறுமை போய்விட்டது. எங்கேயோ எவனோ எழுதி வைத்திருந்த கட்டளையைப் பார்த்து நகல் எடுத்தான். ராஜா விண்ணப்பம் என்று பெயரிட்ட எதையும் திறக்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே கடிதத்துக்கு மேலே 'பிறந்தநாள் வாழ்த்து. உள்ளே மான் ஆடும்' என்று எழுதி அனுப்பினான்.

ராஜா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தார். உள்ளே நிஜமாகவே ஒரு மான் ஆடிற்று. ராஜா எச்சில் விழுங்கிக்கொண்டே பார்த்தார். மானுக்குப் பின்னால் கட்டளை தன் வேலையைப் பார்த்தது. பார்த்தது சரி, ஆனால் நகல் எடுத்த அவசரத்தில் நரி ஒரு சொல்லை விட்டுவிட்டிருந்தான். 'என் விண்ணப்பத்தை அனுமதி' என்று இருக்க வேண்டியதில் 'என்' இல்லை.

வரிசையில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களும் அனுமதிக்கப்பட்டுவிட்டன.

காட்டில் அன்றைக்குத் திருவிழாதான். தவளைகள் கேட்ட குட்டைக்குத் தூர் வார ஆள் வந்தது. கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டிருந்த அணிலுக்கு, பேத்தியின் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்தது. யாரோ சொன்னார்கள் என்று இலவசச் செருப்புக்கு எழுதிப் போட்டிருந்த பாம்புக்கு இரண்டு ஜோடி வந்தது. நரிக்கு முயல்மேடு கிடைத்தது. மூன்று காத தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொள்ளும்படி இன்னொரு உத்தரவும் கூடவே கிடைத்தது.

அங்கயற்கண்ணிக்கும் ஒரு கடிதம் வந்தது. 'சல்லடை: அனுமதிக்கப்பட்டது.'

கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. அவ்வளவு பெரிய கண்ணில் நீர் நிரம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று மாலையே சல்லடையை மாட்டினாள். மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தால், அனுமதிக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். நேரம்: இரண்டு மணி பதினாலு நிமிஷம் ஆறு நொடி. மற்றக் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே நொடி.

நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே நொடியில். அவளுக்குப் பகீரென்றது. தேடினாள், மான் கிடைத்தது, மானுக்குப் பின்னால் கட்டளையும் கிடைத்தது. எது வந்துவிடக்கூடாது என்று மூன்று வருஷம் கத்தினாளோ அது வந்து, அவள் விண்ணப்பத்தையும் அனுமதித்துவிட்டுப் போயிருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் திருட்டுக் கை போட்ட அனுமதியில் காவல் காப்பதா? மனசு கேட்கவில்லை. முள்ளம்பன்றியிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு, "இதை நீயே ராஜாவிடம் சொல்" என்று குகைக்கு அழைத்துப்போனார்.

ராஜா நல்ல குஷியில் இருந்தார். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம் தீர்த்தவர் என்று காடெல்லாம் அவர் புகழ்தான்.

"மகாராஜா, அவற்றைத் தாங்கள் அழுத்தவில்லை" என்றாள் அங்கயற்கண்ணி. "எல்லாம் ஒரே நொடியில் நடந்திருக்கிறது."

ராஜா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ தேவாங்கு. சிங்கத்தின் வேகம் உனக்கு எங்கே தெரியப் போகிறது?"

முள்ளம்பன்றி அவள் காதருகே குனிந்தார். "நன்றாக யோசித்துச் சொல்லம்மா. ராஜா அழுத்தவில்லை என்று பதிவானால் எல்லா அனுமதியும் ரத்து. குட்டை ரத்து, முயல்கள் வாங்கின உத்தரவு ரத்து, உன் சல்லடையும் ரத்து. கழற்றிவிட வேண்டியதுதான்."

"கழற்றினால் ஓட்டை திறந்துகொள்ளுமே ஐயா!"

"ஆமாம். அடைக்க மறுபடி விண்ணப்பிக்கலாம்."

அங்கயற்கண்ணி முழித்தாள். முயல்மேட்டில் அன்று காலைதான் குட்டிகள் முதல் முறையாக வெளியே வந்து விளையாடின. வழியில் பார்த்திருந்தாள்.

"சிங்கத்தின் வேகம் சிங்கத்துக்குத்தான் வரும் மகாராஜா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. மெதுவாகத்தான் வந்தது.

சல்லடை நன்றாக வேலை செய்தது. நரி புதிது புதிதாகக் கட்டளை அனுப்பினான். எல்லாம் வெறும் எழுத்தாக வந்து விழுந்தன. ஆனால் அன்றோடு அனுமதிகளும் நின்றுபோயின. "ராஜா நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். இந்தத் தேவாங்கு எதையோ மாட்டினாள், அதிலிருந்து ஒன்றும் நகரவில்லை" என்று காடு பேசிற்று. அவளால் மறுக்கவும் முடியவில்லை. அது உண்மைதானே.

அடுத்த கோடையில் இரண்டாவது ஓட்டை தெரிந்தது. சல்லடை எழுத்தைத்தான் சலித்தது. கடிதத்தோடு வருகிற படத்தைச் சலிக்கவில்லை. படத்துக்குள்ளும் கட்டளை வைக்கலாம். நரியும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் அனுப்பிய இரண்டு படங்களில் கட்டளை பிசகியிருந்தது, மூன்றாவது பிசகாது. இந்தத் தடவை அவன் கேட்டது, முயல்களின் உத்தரவை ரத்து செய்ய.

"ஐயா, அவசரம்" என்றாள் முள்ளம்பன்றியிடம்.

"விண்ணப்பம் அனுப்பு. வரிசையில் ஐந்நூற்று முப்பத்தெட்டாவதாக வரும்."

திரும்பி வந்து, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் முழித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ராஜாவைப் படமாக வரைந்தாள். பிடரியை மட்டும் உள்ளதைப்போல் இரண்டு மடங்காக வரைந்தாள். அந்தப் பிடரிக்குள் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் ஒரே ஒரு வரி எழுதி, அதை எழுத்தெழுத்தாக ஏழு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

ராஜா உடனே திறந்தார். பிடரியை இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அங்கயற்கண்ணியின் விண்ணப்பம் அனுமதிக்கப்பட்டது. அது மட்டும். நாலு மணிக்கு அவள் ஓட்டையை அடைத்து முடித்தாள். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு நரியின் மூன்றாவது படம் வந்தது. வெறும் படமாக வந்தது.

மறுநாள் முள்ளம்பன்றி அவளைக் கூப்பிட்டார். "ஐந்நூற்று முப்பத்தேழு பேரைத் தாண்டி ராஜா உன்னுடையதை மட்டும் அழுத்தியிருக்கிறாரே, எப்படியம்மா?"

"பிரஜைகளின் பாதுகாப்பு என்றால் ராஜாவுக்குத் தூக்கம் வராது ஐயா" என்றாள் அங்கயற்கண்ணி, கண் இமைக்காமல்.

*

நீதி: ஓட்டையை அடைக்க அனுமதி வேண்டுவோர், அந்த ஓட்டை வழியாகவே விண்ணப்பிக்கவும்.