ரிவர்ஸ் அண்ணனுக்கு ஒரு ஓ.பி. சீட்டு

உலகம் உருண்டை என்று யாருக்காவது நிரூபித்துக் காட்ட வேண்டுமானால் எங்கள் ரிவர்ஸ் அண்ணனை அனுப்பினால் போதும். கிளம்பிய இடத்திலிருந்து பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் முன்பக்கமாக வந்து நிற்பார். நடுவில் எங்காவது டீ குடித்திருப்பார், அவ்வளவுதான்.

புதூர்நாட்டு மலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். மலையில் ஒரு செங்குத்தான வளைவு இருக்கிறது. பதினெட்டுப் பேரும் நாலு மூட்டைப் புளியும் ஏறியிருந்தால் அங்கே முதல் கியர் இழுக்காது, ரிவர்ஸ் கியர் இழுக்கும். அண்ணன் சாவகாசமாக வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார். நான் ஒரே ஒருமுறை அதில் போனேன். மாதாவையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

அவர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டு சொன்னார்: "மத்த டிரைவருங்க உங்களுக்கு முதுகக் காட்டினு ஓட்டுவானுங்க. நான் மரியாதையா மூஞ்சியப் பாத்து ஓட்றேன். இதுக்குப் போயி பயப்படறீங்களே."

எனக்கு மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் வேலை. பெயர் சொன்னால் வேலை போய்விடும், அதனால் சொல்லவில்லை. மலையில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், அண்ணனின் ஜீப்தான் எங்கள் வாசலில் வந்து நிற்கும். அவருடைய நிஜப் பெயர் என் ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த ரிஜிஸ்டரில் அவர் ஏறியது ஒரு கரடியின் புண்ணியத்தால். சில வருஷங்களுக்கு முன்னால், பலாப்பழக் காலத்தில், ஒரே பழத்துக்கு இவரும் ஒரு கரடியும் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டுவிட்டார்கள். வலது கன்னத்தில் பன்னிரண்டு தையல். தையல் போடும்போது நர்ஸிடம், "கரடி மேல தப்பு இல்லம்மா, அதான் மொதல்ல வந்துது" என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

புண் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. வலது கன்னத்தில் துண்டு பட்டாலும் காற்று பட்டாலும் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி. அதனால் இடது பக்கம் மட்டும் சவரம் செய்வார். இந்தப் பக்கம் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பார்த்தால் காசிக்குப் போய்த் திரும்பிய சாமியார். எதிர்க்காற்றைப் பின்சீட்டுக் கூட்டம் மறைத்துவிடும் என்பதால் ரிவர்ஸில் ஓட்டுவது அவருக்கு இன்னும் பிடித்துப்போயிற்று.

அப்புறம் கொரோனா வந்தது. 'மாஸ்க் இல்லையேல் சீட்டு இல்லை' என்று சிவப்பு மையில் நான்தான் எழுதி, லேமினேட் செய்து மாட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த போர்டைக் காவல் காத்தவர் வாட்ச்மேன் தேவராஜ். அவருக்குப் பிரம்பு ஒன்று கையில் இருந்தால் சொந்தத் தம்பியைக்கூட அடையாளம் தெரியாது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணனுக்கு வலி முற்றியது. சோற்றை மெல்ல முடியாமல் சாமைக் கஞ்சியிலேயே நாளை ஓட்டினார். பேண்ட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டரம்மா மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார். அவரைப் பார்த்தால் வழி பிறக்கும். ஆனால் மாஸ்க் போட முடியாத நோய்க்கு வைத்தியம் பார்க்க, மாஸ்க் போட்டுக்கொண்டு வர வேண்டும். இதிலிருந்த கோளாறு எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

முதல் மாதம் மாஸ்க்கை நெற்றியில் கட்டிக்கொண்டு வந்தார். "கீழ எறக்குண்ணா" என்றார் தேவராஜ். இறக்கினார். துணி கன்னத்தில் பட்டதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "ரூல்னா ரூல்தான்ணா, நான் இன்னா பண்றது" என்றேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாவது மாதம் வாசலில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். இருபது லிட்டர் தண்ணி கேனின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் வந்துகொண்டிருந்தார். கேன் தோளில் உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் எதுவும் படவில்லை. உள்ளே ஆவி படிந்துவிட்டதால் நேராக வந்து வேப்பமரத்தில் முட்டிக்கொண்டு, மரத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

"இது மாஸ்க்கா?" என்றார் தேவராஜ்.

"அதுக்கு அண்ணன்யா இது" என்று கேனுக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுவது மாதிரி குரல் வந்தது.

"மேல ஓட்டை இருக்குதே."

"மேல இருக்கறவருக்கு மட்டும் கொரோனா குடுத்துட்டுப் போறேன், வுடு."

தேவராஜ் விடவில்லை. போர்டில் மாஸ்க் என்று இருந்தது, கேன் என்று இல்லை.

மூன்றாவது மாதம் நானே ஒரு யோசனை சொன்னேன். போனிலேயே டாக்டரம்மாவிடம் முகத்தைக் காட்டலாம். மலையில் டவர் கிடைக்கும் ஒரே இடம் ஒரு பாறை உச்சி. அங்கே அடிக்கிற காற்றில் ஆளே பறப்பார். டாக்டரம்மா போனில் பார்த்தது கொஞ்சம் வானம், கேட்டது ஒரு அலறல். அதோடு லைன் போய்விட்டது.

நான்காவது மாதம் ஜீப் வந்து நின்றது. பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். அண்ணன் வாயே திறக்கவில்லை. பேசினாலும் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஊரையே கலாய்க்கிற மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வண்டியைத் திருப்பினார். தண்ணீர் லாரி வருகிற பின்பக்கக் கேட்டுக்குப் போய், ரிவர்ஸில் உள்ளே நுழைந்து, டாக்டரம்மா அறை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி ஜீப்பின் பின்பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தினார். பிறகு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, பின்சீட்டில் ஏறி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தேவராஜ் பிரம்போடு ஓடினார். நானும் ஓடினேன்.

அண்ணன் உதடு அசையாமல் மெல்லச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குள்ள நான் வர்ல. ஆஸ்பத்திரிதான் என் ஜீப்ப எட்டிப் பாக்குது. சீட்டு மட்டும் போடு, ஸ்டெல்லாம்மா."

நான் போர்டை நினைத்தேன். அதற்குள் ஜீப்பில் வந்த முனியம்மா, ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றாள். "அவருக்கு மொதல்ல போடுக்கா. அப்பறம் எங்களுக்குப் போடலாம். எங்களல்லாம் இட்டுனு வர்றவரு வெளியவே நிக்கணும்னா, நாங்க எதுக்கு உள்ள போறது?" அவளுக்குப் பின்னால் மீதிப் பதினேழு பேரும் நகராமல் நின்றார்கள்.

சீட்டு நம்பர் ஒன்று போட்டேன். ஜீப்பின் மேல் வைத்து அவசரமாக எழுதியதில் அந்த அழகான கையெழுத்து கோழி கிளறின மாதிரி விழுந்தது.

டாக்டரம்மா ஜன்னலைத் திறந்தார். ஒரு கணம் பார்த்தார். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, டார்ச்சோடு ஜீப்பில் ஏறி, எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தைத் தொடாமலே கால் மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில், "இதுக்கு நல்ல மாத்திரை இருக்குதுங்களே. ஏன் இவ்ளோ நாள் வரல?" என்றார்.

தேவராஜ் பிரம்பைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூன்று மாதக் கஞ்சிக்கும் கண்ணீருக்கும் அண்ணன் ஒரே வார்த்தையில் கணக்குத் தீர்த்திருக்கலாம்.

"ரோடு சரியில்லீங்க மேடம்" என்றார்.

மாத்திரை பிடித்துக்கொண்டது. அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை முறுக்குக் கடித்துக்கொண்டே வந்தார், நொறுக்குகிற சத்தம் கவுண்டர் வரைக்கும் கேட்டது. மாஸ்க் மட்டும் அப்போதும் போட முடியவில்லை. போர்டில் இன்னொரு வரி எழுதினேன்: 'மாஸ்க் போட முடியாதவர்கள் ஜன்னல் பக்கம் வரவும்.' மூச்சிரைப்புக்காரர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள் என்று ஒரு வரிசையே சேர்ந்தது. எல்லோருக்கும் அண்ணனின் ஜீப்தான் வெயிட்டிங் ரூம். ஊர்க்காரர்கள் அதற்கு ரிவர்ஸ் ஓ.பி. என்று பெயரே வைத்துவிட்டார்கள். நன்றாக மாஸ்க் போட முடிந்த சிலரும் காற்றுக்காக அங்கே போய் உட்கார, தேவராஜ் அவர்களைத் தேடிப்பிடித்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏண்ணா, அன்னிக்கி எங்க மேல ஏன் சொல்லல? நாங்கதான வுடல?"

அவர் முறுக்கை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: "சொன்னா நீ அழுவ. மாஸ்க் நனஞ்சிடும். அப்பறம் தேவராசு உன்னையும் உள்ள வுட மாட்டான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நனைந்துவிட்டது. இப்போது யாரும் மாஸ்க் கேட்பதில்லை, அண்ணனும் ஜன்னல் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஜீப் சத்தம் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும் சீட்டை அப்படியே போட்டுவிட்டு, அவரை உள்ளே கூப்பிட நானே வாசலுக்குப் போய்விடுகிறேன்.